விரியனுக்கு ஒரு வீடு

வடிவு வெண்டைச் செடிகளுக்கு அடியில் சருகு பரப்பிக்கொண்டிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. கை மண்ணைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

"உங்கள் தோட்டத்தில் புதிய உயிர் பதிவாகியுள்ளது. கண்ணாடி விரியன். எண்ணிக்கை: ஒன்று. வாழ்த்துகள்."

அவள் அதை இரண்டாவது தடவை படிக்கவில்லை. தலையை மட்டும் மெல்லத் திருப்பினாள். பத்தடி தள்ளி, கல்குவியலுக்குப் பக்கத்தில், மகள் நிறைமொழி குத்தவைத்து உட்கார்ந்து ஓர் ஓணானிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. காலில் செருப்பு இல்லை.

"மொழி, அம்மாட்ட வா."

"இரும்மா, இது தலையாட்டுது."

"ஆட்டட்டும். நீ வா. ஓடாத. நடந்து வா."

குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். பிள்ளை எழுந்து நடந்து வந்தாள். கைக்கு எட்டியதும் வடிவு அவளைத் தூக்கிக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, சமையலறைக் கதவுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு பிள்ளையின் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கோவில்பட்டிக்குத் தெற்கே சரள்மேடு குடியிருப்பில் ஆழ்குழாய்கள் வற்றிப்போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. கடல் தண்ணீரை உப்பு நீக்கிக் குழாயில் கொண்டுவந்தார்கள். அதைப் பங்கிட நீர்ப் பங்கீட்டு வாரியம் என்று ஒன்று வந்தது. விஷம் தெளிக்காத, உயிர்கள் நடமாடுகிற மண்தான் பெய்கிற கொஞ்ச மழையையும் பிடித்து வைக்கும் என்பது வாரியத்தின் கணக்கு. அதனால் எந்தத் தெருவில் எத்தனை வகை உயிர் வாழ்கிறதோ அதற்கேற்ற படியில் அந்தத் தெருவுக்குத் தண்ணீர். மூன்று படிகள். கடைசிப் படிதான் பெரிது.

எண்ணுவதற்காக வீட்டுக்கு ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். இடுப்புயரம், சாம்பல் நிறம். அது நாள் முழுக்கக் கேட்கும். பனியிலும் காற்றிலும் மிதக்கிற நுண்துகள்களை மோந்து பார்த்து, என்ன ஊர்ந்தது, என்ன பறந்தது, எந்த மருந்து அடிக்கப்பட்டது என்று சொல்லிவிடும். சனங்கள் அதைக் காது என்றார்கள்.

தெருவில் இருபத்து நான்கு வீடு. இருபத்து மூன்று வீடுகளில் கொல்லை சிமெண்ட் தரைதான். படி தெருவுக்கு மொத்தமாகத்தானே, யாராவது ஒருவர் வளர்த்தால் போதாதா என்று இருந்துவிட்டார்கள். வளர்த்தது வடிவு. முதல் வருடம் சரளையில் ஆவாரை தவிர எதுவும் தங்கவில்லை. அரிசி களைந்த தண்ணீர், குளித்த தண்ணீர் எல்லாவற்றையும் வாழைக் குழிக்குத் திருப்பினாள். மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்து, அவற்றைச் சுற்றிக் கத்தரியும் வெண்டையும் நட்டாள். பானை கசிவதைச் செடி குடித்துக்கொண்டது. அசுவினிப் பூச்சி மொய்த்தபோது மருந்து அடிக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது வாரம் பொறிவண்டு வந்தது. பூச்சிக்குத் தவளையும் ஓணானும் வந்தன. குருவிக்குப் போட்ட கம்பு சிந்திய இடத்துக்கு எலி வந்தது. எலிக்கு யார் வருவார்கள் என்று அவள் யோசித்திருக்க வேண்டும்.

மதியத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. காது எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தது: தெரு மூன்றாம் படிக்கு உயர்த்தப்படுகிறது.

முதலில் வந்தது எதிர் வீட்டு ஜெயக்கனி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் கணவர் பால்துரைக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருடம். வாரம் மூன்று நாள் தூத்துக்குடிக்கு வண்டியில் போய் ரத்தம் சுத்திகரித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது இன்னும் கொஞ்சம் சுருங்கித் தெரிந்தார்.

"மெஷின் தாராங்களாம் வடிவு" என்றாள் ஜெயக்கனி வாசலிலேயே நின்று. "மூணாம் படித் தெருவுக்கு வீட்டுலயே வச்சுத் தாராங்க. ஒரு தடவைக்கு முந்நூறு லிட்டர் வேணும்லா, அதான் இத்தன நாள் முடியாதுன்னுட்டாங்க. இனி அவுகளை வண்டியில தூக்கிப்போட்டுக் கொண்டுபோக வேண்டாம்."

"நல்லதுக்கா" என்றாள் வடிவு.

ஜெயக்கனி அவள் முகத்தைப் பார்த்தாள். "பாம்பு எங்க கெடக்கு?"

"தெரியலக்கா."

"பிள்ளைய வெளிய விடாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வடிவின் கணவன் இசக்கிராஜ் குழாய் நிலையத்தில் பம்ப் மெக்கானிக். பகல் ஷிப்ட் முடித்து நாலு மணிக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கடப்பாரையை எடுத்தான்.

"அடிச்சா காதுக்குத் தெரியும்" என்றாள் வடிவு.

"தெரியட்டும்."

"பதினஞ்சு நாள் அது சத்தமோ வாடையோ காணலைன்னா, கொன்னுட்டோம்னு எடுத்துக்கிடும். தெருவை முதல் படிக்கு இறக்கிருவாங்க. குடிக்கவும் சமைக்கவும்தான் வரும். கனியக்கா வீட்டுக்கு நாளைக்கு மெஷின் வருது."

இசக்கிராஜ் கடப்பாரையோடு கொல்லைக் கதவுவரை போனான். பிறகு அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவுக்கடியில் இருந்த இடுக்கை அளந்து பார்க்க ஆரம்பித்தான்.

மறுநாள் வடிவு கோவில்பட்டி வாரிய அலுவலகத்துக்குப் போனாள். உயிர்ப் பதிவு அலுவலர் ரிஸ்வானா திருச்சிப் பக்கத்துக்காரி, முப்பது வயதிருக்கும். மனுவை முழுதும் படித்தாள்.

"மேடம், நான் கொல்லச் சொல்லல. பிடிச்சுக் காட்டுல விடச் சொல்லுதேன்."

"புரியுதுங்க. ஆனா இடம் மாத்தக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. ஆரம்பத்துல பக்கெட்ல தவளை வாங்கி விட்டாங்க, கூண்டுக் கிளிய வாங்கிக் கட்டிவிட்டாங்க. கணக்கெடுத்த மறுநாள் ஒண்ணும் இருக்காது. அதைத் தடுக்கப் போட்டது. எடுக்கணும்னா மேல அனுமதி வாங்கணும். மூணு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் தெருவை இறக்கித்தான் வைப்பாங்க."

"எங்க வீட்டுல அஞ்சு வயசுப் பிள்ளை இருக்கு. அது உங்க கணக்குல வராதா?"

ரிஸ்வானா கணினித் திரையை வடிவு பக்கம் திருப்பினாள். நீளமான அலைகள் ஓடின. "இது உங்க தோட்டத்துக் கம்பம் நேத்து கேட்டது. இது குயில். இது சுவர்க்கோழி. இந்த இடத்துல பாருங்க, உங்க பொண்ணு பேசுறா. கம்பம் அதையும் கேக்குது. ஆனா மனுஷச் சத்தத்தைக் கழிச்சிட்டு மிச்சத்தைத்தான் எண்ணும். அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க."

வடிவு அந்த அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன மேடுகள். ஓணானோடு மொழி பேசிய பேச்சு.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றாள் ரிஸ்வானா, குரலைத் தாழ்த்தி. "கணக்கு தெருவுக்கு. அதே தெருவுல இன்னொரு வீட்டுல சம்மதம்னு எழுதிக் கொடுத்தா, அந்தக் கொல்லைக்கு மாத்தலாம். படி குறையாது. ஆனா அது வாழுற மாதிரி மண்ணும் மறைவும் தண்ணியும் அங்க இருக்கணும். நேர்ல வந்து பாத்துத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

அப்படி ஒரு வீட்டை யாரிடம் கேட்பது? வடிவு கேட்காமலே மூன்று வாரம் ஓட்டினாள். கதவிடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினார்கள். ஜன்னலுக்கு வலை அடித்தார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கம்பால் தட்டித் தட்டித்தான் செடிக்குத் தண்ணீர் விடப் போனாள். அந்தத் தோட்டத்தில் அவள் வெறுங்காலோடு நடக்காத நாள் அதுவரை இருந்ததில்லை. மொழி ஜன்னல் வலையில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பாள். எதிர் வீட்டில் மெஷின் வந்துவிட்டது. பால்துரைக்கு முகத்தில் வீக்கம் வடிந்து பழைய முகம் தெரிய ஆரம்பித்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. வடிவு சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். குக்கர் ஆவி விடுகிற மாதிரி சீறல் கேட்டது. கை அனிச்சையாக அடுப்பை அணைக்கப் போனது. அடுப்பில் குக்கர் இல்லை.

கொல்லைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. மொழி ஸ்டூலைப் போட்டு ஏறித் தாழ்ப்பாளை நீக்கியிருக்கிறாள்.

பிள்ளை துணி துவைக்கிற கல் மேல் நின்றுகொண்டிருந்தாள். கல்லுக்கும் கதவுக்கும் நடுவில் அது கிடந்தது. குழந்தையின் தொடைப் பருமன். பழுப்பு உடம்பில் சங்கிலி கோத்த மாதிரி வட்ட வட்டமாகக் கறுப்பு. உடம்பைச் சுருட்டித் தலையைப் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தது. மறுபடி சீறியது.

"அம்மா" என்றாள் மொழி.

"அம்மா இங்கதான் இருக்கேன். அசையாத."

"கால் வலிக்குது."

"வலிக்கும். அசையக் கூடாது. அம்மா கண்ணையே பாரு. அதைப் பாக்காத."

வடிவும் அசையவில்லை. ஓர் அடி முன்னால் வைத்தாலும் பாம்பு பிள்ளை பக்கம் திரும்பும். கல் முக்கால் அடி உயரம்தான். ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது. "நேத்து ஓணானுக்கு என்ன பேர் வச்ச, சொல்லு" என்றாள். மொழி பெயரைச் சொன்னாள். குரல் தேய்ந்து வந்தது. "தவளைக்கு?" அதையும் சொன்னாள்.

எவ்வளவு நேரம் என்று வடிவுக்குப் பிறகும் சொல்லத் தெரியவில்லை. பாம்பின் சுருள் தளர்ந்தது. அது அவசரமே இல்லாமல், வெயில் விழுந்த இடத்தைத் தாண்டி, வாழைக் குழிப் பக்கம் போய்ச் சருகுக்குள் மறைந்தது. வடிவு நாலு எட்டில் பிள்ளையைத் தூக்கினாள். இருவரும் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். மொழி அப்போதுதான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொதுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தெருக்கூட்டம். இசக்கிராஜ் நடந்ததைச் சொன்னான். ரிஸ்வானா சொன்ன வழியையும் சொன்னான். "ஏதாவது ஒரு வீடு எழுதிக் கொடுத்தாப் போதும். மண்ணு, செடி, கல்லு எல்லாம் நாங்களே வந்து போட்டுத் தாரோம்."

எட்டாம் எண் வீட்டுக்காரர் தன் வீட்டில் இடமே இல்லை என்றார். ஒன்பதாம் எண் மகாலிங்கம் போனைப் பார்த்தபடி நின்றார். மூன்றாம் படி வந்த அன்றைக்கே வீட்டு மாடியில் புதுத் தொட்டி வைத்தவர் அவர். பின்னாலிருந்து ஒரு பெண், "எல்லாருக்கும் பிள்ளைக இருக்குல்லா" என்றாள். அது உண்மைதான். ஒவ்வொருவரும் தன் வீட்டுக் காரணத்தைச் சொல்லி முடித்தபோது கூட்டத்தில் வெயில் ஏறியிருந்தது.

"அப்பச் சரி" என்றாள் வடிவு. "நாளைக்கு ஆளை வச்சுப் பிடிச்சுக் காட்டுல விட்டுருவேன். தெரு இறங்கட்டும்."

சொல்லும்போது அவள் ஜெயக்கனியைப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுக்குக் கொண்டு வாங்க."

பால்துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு அவர் வந்ததே அன்றுதான் முதல் தடவை. "விரியன் கடிச்சா முதல்ல கிட்னிதான் போகும்னு இவ சொல்லுதா. எங்கிட்ட அது ஏற்கெனவே இல்ல. அப்புறம் என்ன?"

ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

எதிர் வீட்டுக் கொல்லையில் சிமெண்டை உடைக்க இசக்கிராஜுக்கு இரண்டு நாள் ஆனது. வடிவு தன் தோட்டத்திலிருந்தே மண்ணும் சருகும் சுமந்தாள். நொச்சி, தும்பை, ஆவாரைக் கன்றுகளை வைத்தாள். மெஷினுக்காக வடிகட்டும்போது கழிகிற தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் குழாய் வைத்து நொச்சித் தூருக்குத் திருப்பினாள். உடைந்த ஓடுகளைச் சாய்த்து, கருங்கல் அடுக்கி, தவளைக்கு ஒரு மண்சட்டி புதைத்தாள். கொல்லையை ஒட்டித்தான் பால்துரை படுக்கிற அறை. ஜன்னலுக்கும் கல் அடுக்குக்கும் ஆறடி. ஒவ்வொரு கல்லை வைக்கும்போதும் அவளுக்கு அந்த ஆறடி கண்ணில் பட்டது.

ரிஸ்வானா வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பாம்பு பிடிக்கிற மரியசூசை வரவேண்டிய காலையில் வடிவு ஜெயக்கனியைத் தேடிப் போனாள்.

"வேண்டாம்க்கா. என் பிள்ளைக்குப் பயந்து உங்க தலையில கட்டுதேன். நாங்க வேற ஊருக்குப் போயிருதோம். வேலை மாத்தல் கேட்டா எங்க வீட்டுக்காரவுகளுக்குக் கிடைக்கும்."

ஜெயக்கனி அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "சத்தம் போடாத. அது எங்க வீட்டுக்கு வரப் போறதில்ல. மரியசூசைட்ட பேசிட்டேன். பெட்டிய இங்க கொண்டுவந்து திறக்குற மாதிரி திறந்து, மூடிக் கொண்டுபோய்க் காட்டுல விட்டுருவான்."

"அப்பக் காது?"

ஜெயக்கனி ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். பாம்புச் சட்டை. "இதை நொச்சித் தூர்ல ஓட்டுக்கடியில வச்சு, தினம் விடியக் கொஞ்சம் தண்ணி தெளிப்பேன். காது வாடையப் பிடிச்சுக்கிடும். நீ யாருட்டயும் மூச்சு விடாத. இசக்கிட்டயும் சொல்லாத."

அது ஏமாற்றுதான். வடிவுக்கு அது தெரிந்தது. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிய மாதிரி இருந்ததும் உண்மை. வாழைக் குழியில் மரியசூசை கொக்கியை விட்டதும், கனத்த உடம்பு துணிப்பைக்குள் விழுந்ததும், பெட்டி எதிர் வீட்டுக்குள் போனதும் அரைமணி நேரத்துக்குள் முடிந்தன. மூன்றாம் நாள் காது செய்தி அனுப்பியது. விரியன் இருபத்து மூன்றாம் எண், அதாவது ஜெயக்கனி வீட்டுக் கொல்லையில் இருப்பதாகப் பதிவு. சட்டை வேலை செய்கிறது என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு மொழி மறுபடி தோட்டத்தில் ஓடினாள். வடிவு பூட்ஸைக் கழற்றி வைத்தாள். ஆனால் புதுப் பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. பொய் தெரிந்தால் தெரு முழுக்க முதல் படிக்குப் போகும். ஜெயக்கனியின் ஓய்வூதியத்திலேயே கை வைப்பார்கள். எதிர் வீட்டுச் செடிகளைப் பார்க்கப் போனால் ஜெயக்கனி வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "அவுகளுக்கு எதுவும் தொத்திக்கிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. பிள்ளைய அறவே கூட்டிட்டு வராத." நர்சு வீட்டில் அது நியாயமாகத்தான் பட்டது. ஜெயக்கனிக்குக் கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்திருந்ததை வடிவு கவனித்தாள். மெஷின் வேலை என்று எண்ணிக்கொண்டாள்.

இருபதாம் நாள் காலை பத்து மணிக்குத் தெருமுனையில் வாரியத்தின் வண்டி நின்றது. ரிஸ்வானா இறங்கி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அங்கேயே நோயாளிகளுக்கு மருந்து தருகிற வண்டியும் நின்றது. வரிசையில் ஜெயக்கனி நிற்பது தெரிந்தது. அவள் வாரிய வண்டியைப் பார்க்கவில்லை.

வடிவுக்கு ஓட்டுக்கடியில் இருக்கும் சட்டைதான் நினைவுக்கு வந்தது. அதிகாரி முதலில் ஓட்டைத்தான் புரட்டுவாள். தண்ணீர் தெளித்து வைத்த சட்டை, பாம்பு இல்லை. அவ்வளவுதான்.

தெருவைக் கடந்தாள். ஜெயக்கனி வீட்டுப் பக்கச் சந்து வழியாகக் கொல்லைக்குள் ஓடினாள். காலில் செருப்பில்லை. நொச்சி நன்றாகத் தழைத்திருந்தது. கீழே சாய்ந்திருந்த ஓட்டுக்கு முன்னால் குனிந்து கையை நீட்டினாள்.

"வடிவு."

பால்துரையின் குரல். ஜன்னலுக்கு உள்ளே, மெஷினோடு இணைந்த கையை அசைக்காமல், தலையை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"கையை நீட்டாத. இழுக்கவும் செய்யாத. அப்படியே இரு."

"அண்ணாச்சி, சட்டைய எடுத்துருதேன், அந்தம்மா வந்துட்டாங்க..."

"அங்க சட்டை இல்லம்மா."

அவள் பார்த்தாள். ஓட்டு நிழலில் காய்ந்த சருகுக் குவியல் என்று நினைத்தது மூச்சு விட்டது. சங்கிலி கோத்த கறுப்பு வட்டங்கள். அவள் விரலுக்கும் அந்தத் தலைக்கும் ஒரு முழம் இருக்கலாம்.

"வெயிலுக்கு வந்திருக்கு" என்றார் பால்துரை. "இந்நேரம் அது யாரையும் ஒண்ணும் செய்யாது, நாம ஒண்ணும் செய்யலைன்னா. நாந்தான் தினம் பாக்குதேன்லா. கொஞ்ச நேரத்துல கல்லுக்குள்ள போயிரும். நீ என்னட்டப் பேசிக்கிட்டே இரு."

அவர்தான் பேசினார். நொச்சியில் பூ விட்டதைச் சொன்னார். சட்டிக்கு இரண்டு தவளை வந்ததைச் சொன்னார். சந்து முனையில் யாரோ வருகிற காலடி கேட்டு, அப்படியே நின்றது. வடிவின் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

பாம்பு நகர்ந்தது. ஓட்டிலிருந்து கல் அடுக்குக்குப் போய், இடுக்கில் தலையை நுழைத்து, மெதுவாக முழு உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

வடிவு பின்னால் நடந்து சந்துக்கு வந்து, சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரிஸ்வானா அவளுக்கு முன்னால் நின்றிருந்தாள். கையிலிருந்த பலகைக் கணினியில் "நேரில் காணப்பட்டது" என்று குறித்தாள். அதற்குமேல் எழுதாமல் அதை மூடினாள். "நீங்க எதுக்கு வெறுங்காலோட உள்ள போனீங்கன்னு நான் கேக்கல" என்றாள். கொஞ்சம் நின்று, "இன்னிக்கு நான் பாத்ததை எல்லாம் மேல எழுதி அனுப்புவேன். கம்பத்துக் கணக்குல வராததையும் சேத்து. மாத்துவாங்களான்னு தெரியாது. அனுப்புவேன்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனாள்.

ஜெயக்கனி மருந்துப் பையோடு ஓடிவந்தபோது வடிவு இன்னும் எழுந்திருக்கவில்லை.

"காட்டுல விட்டாச்சுன்னு சொன்னீங்களேக்கா."

"சொன்னேன்."

"அந்தச் சட்டை?"

"அது சாரைச் சட்டை. உன் தோட்டத்துல கெடந்ததுதான். பயத்துல உனக்கு வித்தியாசம் தெரியல."

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நெசத்தைச் சொல்லிருந்தா நீ பெட்டிய இந்த வாசலுக்குள்ள விட்டிருப்பியா?" ஜெயக்கனி பையைக் கீழே வைத்தாள். "மாத்தல் வாங்கிட்டுப் போயிருப்ப. உன் தோட்டமும் காஞ்சிருக்கும். எல்லாம் போயிருக்கும்."

"நான் அதைத் திருப்பிக் கொண்டுபோயிருதேன். நாங்க பாத்துக்கிடுதோம்."

ஜன்னலுக்குள்ளிருந்து பால்துரை சொன்னார்: "பிள்ளை ஓடுற இடத்துல அது இருக்கக் கூடாதும்மா. இங்கன்னா ஓட ஆள் இல்ல. வாரத்துல மூணு நாள், நாலு நாலு மணி நேரம், நான் இந்த ஜன்னலைப் பாத்துத்தான் கெடக்கேன். அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். உன் வீட்டுல இருந்தா யாருக்குத் தெரியும்?"

வடிவு சுவரைப் பிடித்து எழுந்தாள். ஜெயக்கனியின் கண்ணுக்கடியில் இருந்த கருவளையத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். அவர் கண் அயர்கிற நேரமெல்லாம் இவள் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை மெஷின் போடுகிற நேரத்துக்கு வடிவு வந்தாள். பூட்ஸ் மாட்டியிருந்தாள். கையில் கம்பும் ஒரு ஸ்டூலும். சந்து முனையில், கொல்லை முழுவதும் தெரிகிற இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க போய்ப் படுங்கக்கா." ஜெயக்கனி மறுத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் படுத்தவள் நாலு மணி நேரம் புரளாமல் தூங்கினாள். புதன்கிழமை இசக்கிராஜ் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை. வடிவு போனபோது சந்து முனையில் மகாலிங்கம் நின்றுகொண்டிருந்தார். மகனுடைய கால்பந்து ஷூவை மாட்டியிருந்தார்; அளவு சரியில்லாமல் விரல்களை மடக்கி நின்றார். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கூட்டத்தில் பேசாதவர் அன்றும் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. பிள்ளை தனியா இருக்கும்" என்றார். கொல்லையை எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு அது எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் காமிச்சிட்டுப் போங்க."